துறை திறந்திருக்கிறதா?

தமிழில் ‘துறை’ என்ற சொல்லுக்குப் பொருள்கள் பல. படகு கரை சேரும் இடம் துறை, ஆற்றில் இறங்கும் படி துறை, கல்வியின் ஒரு பிரிவும் துறை. கணினித் தமிழும் தன் பங்குக்கு அதற்கு இன்னொரு பொருளை ஏற்றிவைத்தது. ஒரு கணினியை நாடி வெளியிலிருந்து வரும் தொடர்பு எந்த எண்ணிட்ட வாசலில் வந்து நிற்கவேண்டுமோ அந்த வாசலையும் கலைச்சொல் அகராதிகள் துறை என்றே வழங்குகின்றன. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், ஈச்சிலம்பற்றையும் வெருகலையும் அடுத்துள்ள கடற்கரைச் சிற்றூரான இலங்கைத்துறை முகத்துவாரத்தின் பெயரில் இந்தச் சொல்லோடு இன்னொரு சொல்லும் சேர்ந்திருக்கிறது. களப்பு கடலோடு கலக்கும் வாயே முகத்துவாரம். கிழக்குக் கரையின் களப்புகள் பலவற்றில் கோடைகாலத்தில் மணல் திரண்டு அந்த வாயை மூடிவிடும். மாரி வெள்ளம் பெருகும்போது அது தானே உடையும், அல்லது ஊரார் மண்வெட்டியோடு இறங்கி ‘ஆற்றுவாய் வெட்டுவார்கள்’. துறை இருந்த இடத்திலேயே இருக்கும், பெயரும் மாறாது, ஆனால் படகு உள்ளே வராது. தன்னார்வலர் ஒருவர் தம் வீட்டிலோ வாடகைக்கு எடுத்த சேவையகத்திலோ அநாமதேய அஞ்சல் ஒன்றை நிறுவி, அது இயங்கிக்கொண்டிருந்தும் யாரும் வந்து சேராதிருப்பதைக் காணும்போது அவர் எதிர்கொள்ளும் சிக்கல் பெரும்பாலும் இத்தகையதே. வாய் மூடியிருப்பது தெரிகிறது. மூடியது மணலா, மனிதரா என்பது தெரிவதில்லை.

அஞ்சல் என்ற சொல்லை இங்கே தபால் என்ற பொருளில் மட்டும் கொள்ளலாகாது. ஓரிடத்திலிருந்து வரும் ஒலியை வாங்கி வேறோர் இடத்துக்குத் தள்ளிவிடுவதை இலங்கை வானொலித் தமிழ் நெடுங்காலமாக ‘அஞ்சல் செய்தல்’ என்றே வழங்கிவந்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கோலைக் கைமாற்றி ஓடுவதும் அஞ்சலோட்டம்தான். திருகோணமலை மாவட்டத்துக்கு இந்தத் தொழில் புதிதன்று. 1980களில் மேற்கு ஜெர்மனியின் வானொலியான டொய்ச்ச வெல்ல நகருக்கு வடக்கே அமைத்த அஞ்சல் நிலையம், ஐரோப்பாவில் உருவான நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் ஆசியாவின் பல மூலைகளுக்கும் தள்ளிவிட்டது. பிற்காலத்தில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. தன் கோபுரத்தின் வழியே போகும் பேச்சை யார் கேட்கிறார் என்பது அந்த நிலையத்துக்குத் தெரியாது. கேட்பவர்களும் பேசுபவர் இருக்கும் நகரத்தை அறிந்திருந்தார்களேயன்றி, இடையில் நின்ற கோபுரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

டோர் என்று அறியப்படும் வலையமைப்பின் அஞ்சல்கள் இந்த அறியாமையையே திட்டமிட்டு அமைத்துக்கொண்டவை. பயனரின் கணினி தான் அனுப்பும் தரவை மூன்று அடுக்கு மறைகுறியாக்கத்தால் மூடி, மூன்று அஞ்சல்களின் வழியாகச் செலுத்துகிறது. ஒவ்வோர் அஞ்சலும் ஓர் அடுக்கை உரித்து, அடுத்த கைக்கு மாற்றுகிறது. முதல் அஞ்சலுக்கு அனுப்பியவரின் முகவரி தெரியும், அவர் போகுமிடம் தெரியாது. கடைசி அஞ்சலுக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவில் நிற்பதற்கு இரண்டுமே தெரியாது. வெங்காயத்தின் பெயரால் அழைக்கப்படும் இந்த முறை 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்பது கடற்படைத் தளங்களுக்குப் பேர்போன ஒரு மாவட்டத்தில் வாசிக்கத் தக்க செய்தி. கடற்படைக்காரர் மட்டுமே பயன்படுத்தும் மறைவழி ஒன்று இருந்தால், அதில் போகிற எவரும் கடற்படைக்காரரே என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆகவே அவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வழியைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டியிருந்தது. மென்பொருளின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. 2006இல் அதைப் பேணுவதற்கென்று இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றும் உருவானது. உலகெங்கும் பல ஆயிரம் அஞ்சல்களை இன்று நடத்துபவர்களில் பெரும்பாலோர் அதற்காகக் கூலி எதுவும் பெறாதவர்கள்.

அஞ்சலைத் தொடக்கிவைத்த முதல் அரைமணி நேரத்தில் திரையில் ஓடும் பதிவேட்டு வரிகள்தாம் தன்னார்வலரின் உரைகல். மென்பொருள் மற்ற அஞ்சல்களின் வழியாகச் சுற்றி வந்து தன் வாசலைத் தானே தட்டிப் பார்க்கிறது. தட்டல் கேட்டால், துறையை வெளியிலிருந்து அடைய முடிகிறது என்று மகிழ்ச்சியோடு ஒரு வரி எழுதுகிறது. இருபது நிமிடம் கழிந்தும் கேட்காவிட்டால், முகவரியையும் தீச்சுவரையும் சரிபார்க்கும்படி எச்சரிக்கிறது. இலங்கையில் இந்த எச்சரிக்கையைக் காண்பவரின் மனம் முதலில் அரசாங்கத்தையே நினைக்கும். அந்த நினைப்புக்கு வரலாற்று நியாயம் உண்டென்றாலும், பெரும்பாலான வேளைகளில் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் குறித்த துறை எண்ணை உள்ளே இருக்கும் கணினிக்குத் திருப்பிவிடும் கட்டத்தை நிரப்ப மறந்திருக்கலாம், அல்லது மின்சாரம் போய் வந்தபின் அந்தக் கணினிக்கு வேறொரு உள்முகவரி கிடைத்திருக்கலாம். இவற்றைவிடப் பரவலானது வேறொன்று: கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே இணையம் பெறும் வீட்டுக்குப் பெரும்பாலும் சொந்தப் பொது முகவரியே இருப்பதில்லை. ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் பழைய வகை இணைய முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே கையிருப்பின் இறுதிக் கட்டத்துக்கு வந்துவிட்டதால், சேவை நிறுவனங்கள் ஒரே முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ரவுட்டரின் வெளிமுக முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட எண்களில் தொடங்கினால், அந்த வீடு ஒரு பெரிய கட்டடத்தின் உள்ளறை. வெளியே போகலாம், ஆனால் தெருவிலிருந்து வருபவருக்கு அந்த அறைக்கென்று தனி வாசல் கிடையாது. ரவுட்டரில் எத்தனை கட்டங்களை நிரப்பினாலும் அந்த வாசல் உண்டாகாது. பணம் கட்டி நிலையான முகவரி வாங்கவேண்டும், இல்லாவிட்டால் அஞ்சலை வேறிடத்துக்கு மாற்றவேண்டும்.

வீட்டுக் குறை எதுவும் இல்லை என்று உறுதிப்பட்ட பின்னரே தடையைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்குகிறது. அது மௌனங்களைப் பிரித்தறியும் கலை. தொடர்பு கோரி அனுப்பிய முதல் தரவுப் பொட்டலத்துக்கு மூன்று விதமான எதிர்வினைகள் வரலாம். ‘இங்கே யாரும் இல்லை’ என்ற உடனடி மறுப்பு வந்தால், எதிர்க்கணினி உயிரோடு இருக்கிறது, அந்தத் துறையில் மட்டும் எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்பது பொதுவான பொருள். எதுவுமே வராவிட்டால், அனுப்பிய கணினி ஒரு வினாடி காத்திருந்து மறுபடி அனுப்பும், பின்பு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய் இரண்டு நிமிடம் கழித்துக் கைவிடும். பொட்டலத்தை இடையில் யாரோ சொல்லாமல் விழுங்கியிருக்கிறார், அல்லது பாதையே முறிந்திருக்கிறது. மூன்றாவது வகைதான் நுட்பமானது. தொடர்பு ஏற்பட்டு, இரு கணினிகளும் பேச்சைத் தொடங்கும் அந்தக் கணத்தில் மறுப்பு வந்து விழுகிறது. அந்த மறுப்பு எதிர்க்கணினியின் பெயரில் இடைவழியில் நிற்கும் கருவி எழுதிய கள்ளக் கடிதமாக இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பொட்டலமும் புறப்படும்போது ஓர் எண்ணைத் தாங்கிவருகிறது, வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. சற்று முன் பேசிய எதிர்க்கணினியின் பொட்டலத்தில் 49 என்றிருந்த எண் மறுப்புப் பொட்டலத்தில் 60 என்றிருந்தால், இரண்டாவது கடிதம் மிக அருகிலிருந்து புறப்பட்டது என்று ஐயுறலாம். தபால் முத்திரையைப் பார்த்துக் கடிதம் எந்த ஊரில் போடப்பட்டது என்று கண்டுகொள்வதைப் போன்றது இது. கள்ளக் கடிதம் எழுதும் கருவி இந்த எண்ணையும் பொருத்தி எழுதத் தெரிந்ததாக இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது என்பதையும் சொல்லவேண்டும்.

போர்க்காலத்தில் கிழக்கில் வாழ்ந்தவருக்கு இவற்றுள் முதல் இரண்டு எதிர்வினைகளும் அந்நியமானவை அல்ல. சோதனைச் சாவடியில் ‘இன்றைக்குப் பாதை பூட்டு’ என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பியனுப்புவது ஒன்று. கேட்ட பாஸுக்கு ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நாட்கணக்கில் காக்கவைப்பது இன்னொன்று. இரண்டாவதில் எதிர்த்துப் பேசுவதற்கு எதிரே ஒருவர் கிடையாது.

இலங்கையின் இணையத் தடைகளும் அறிவித்த தடை, அறிவிக்காத தடை என்று இரு வகையாகவே வந்தன. 1997இல் தொடங்கிய தமிழ்நெற் இணையத்தளம் 2007 ஜூனில் இலங்கையின் சேவை நிறுவனங்களின் வழியே திறப்பதை நிறுத்தியது; வெளிநாட்டில் அது வழக்கம்போல் திறந்தது. போர் முடிந்து இரண்டாண்டு கழித்து, 2011இல் செய்தித்தளங்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற விதி வந்தபோது மேலும் பல தளங்கள் மறைந்தன, அவற்றில் பலவற்றின் மீதான தடை 2015 ஜனவரியின் ஆட்சி மாற்றத்துக்குப் பின்னரே நீங்கியது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள்மீது வன்முறை மூண்டபோது பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வைபரும் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன, 2019 ஏப்ரல் 21இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒன்பது நாள் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3இல், பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கவிருந்த நாளில் விதிக்கப்பட்ட முடக்கம் ஒரு பகலைக்கூட முழுதாகத் தாங்கவில்லை. 2018இலும் 2019இலும் வெறுப்புப் பேச்சையும் வதந்தியையும் தடுப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது, அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் வதந்தியை அடக்கவந்த அதே கதவு, வெளிநாட்டில் இருந்த உறவினருக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்ல முயன்றவரின் முன்னும் மூடியது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டபின், ஓர் இணைய இடத்துக்கான அணுக்கத்தை நிறுத்தும்படி சேவை நிறுவனங்களைப் பணிப்பதற்குத் தனிச் சட்டவழி ஒன்றும் வாய்த்திருக்கிறது.

தடையின் மிக மலிவான வடிவம் பெயரை நீக்குவது. பயனர் தட்டெழுதும் தளப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அடைவு சேவை நிறுவனத்திடம் இருக்கிறது; அது ஒரு பெயருக்குப் பொய் முகவரியைக் கொடுத்தாலோ, அப்படி ஒரு பெயரே இல்லை என்று கைவிரித்தாலோ, தளம் இருந்த இடத்தில் இருந்துகொண்டே காணாமற்போகிறது. இலங்கைத்துறை இதற்கும் ஓர் எடுத்துக்காட்டைத் தன்னிடமே வைத்திருக்கிறது. 2006, 2007ஆம் ஆண்டுகளின் போரில் அந்தப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்து, பின் மீள்குடியேறியபோது, தந்த தாதுவைக் கொண்டுவந்த இளவரசியும் இளவரசனும் கரையிறங்கியதாகப் பௌத்த மரபு கூறும் துறை அதுவே என்ற கருத்தின் பேரில் ‘லங்காபட்டுன’ என்ற பெயர் பலகையேறியிருந்தது. பலகையைப் பார்த்து வருபவர் ஓரூருக்குப் போவார், பழைய பெயரைக் கேட்டு வருபவர் வழிகாட்டிப் பலகையில் அதைத் தேடித் தடுமாறுவார், களப்பும் மணலும் இருவருக்கும் ஒன்றே. பெயர்வழித் தடையை ஐயுறும் தன்னார்வலர் செய்யவேண்டிய சோதனையும் இதிலிருந்து விளங்கும்: வேறொரு அடைவிடம் அதே பெயரைக் கேட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். டோர் அஞ்சல்கள் ஒன்றையொன்று பெயரால் அல்லாமல் எண் முகவரியாலேயே அடைவதால் இந்த மலிவான தடை அவற்றைத் தொடுவதில்லை. அவற்றை நிறுத்த விரும்புபவர் முகவரியையே மறிக்கவேண்டும்.

முகவரியை மறிப்பதோ எளிது, ஏனெனில் பட்டியல் பகிரங்கமானது. எந்தெந்த அஞ்சல்கள் இயங்குகின்றன என்பதை ஒன்பது அடைவு அதிகாரிகள் (அதிகாரி என்றாலும் இவையும் சேவையகங்களே) மணிக்கொருமுறை வாக்களித்து முடிவுசெய்து வெளியிடுகின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஓர் அஞ்சலின் வாசலைத் தட்டித் திறக்கக் கண்டால்தான் அது பட்டியலில் இடம்பெறும். பழுது பார்ப்பவருக்கு இந்த வாக்குச்சீட்டுகள் பெரும் உதவி. ஒன்பதும் ‘இல்லை’ என்றால் கோளாறு அஞ்சலின் பக்கத்தில் இருக்கிறது. நான்கு ‘உண்டு’ என்றும் ஐந்து ‘இல்லை’ என்றும் பிரிந்தால், அஞ்சல் நலமாக இருக்கிறது, அதற்கும் அந்த ஐந்துக்கும் இடையிலான ஏதோ ஒரு வழியில்தான் முறிவு. இலங்கையின் அனைத்துலகக் கடலடிக் கம்பிகள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலுமே கரையேறுகின்றன. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று கப்பற்காரர் போற்றும் திருகோணமலைக்கு இணையம் தரைவழியாகத்தான் வந்து சேர்கிறது; ஆகவே ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கும் அந்த அதிகாரிகளை நாடிப்போகும் ஒவ்வொரு பொட்டலமும் தீவைக் குறுக்கே கடந்த பின்னரே கடலில் இறங்குகிறது. முறிவு எந்தத் தாவலில், அதாவது எந்த இரு ரவுட்டர்களுக்கு இடையில், என்பதைக் காண, ஒவ்வொரு தாவலிலும் விடை கேட்டு நகரும் தடங்காணும் கட்டளையை, இணையத்தளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 443ஆம் துறைக்கு ஒருமுறையும் அஞ்சலின் துறைக்கு ஒருமுறையும் ஓட்டி, விடைகள் எங்கே நிற்கின்றன என்று ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் பழுது அல்லது முகவரித் தடை என்று கொள்ளலாம், ஒன்று மட்டும் நின்றால் துறை பார்த்து மறிக்கும் ஒருவர் அங்கே இருக்கிறார். அந்த ஒருவர் அரசாகவே இருக்கவேண்டியதில்லை. சேவையகத்தை வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் தானியங்கிப் பாதுகாப்பும் ஆயிரக்கணக்கான கணினிகளோடு ஒரே நேரத்தில் பேசும் அஞ்சலைத் தாக்குதல் என்று தவறாகக் கணித்து மறித்துவிடுவதுண்டு.

பகிரங்கப் பட்டியலுக்கு இன்னொரு விலையும் உண்டு. அதை வீட்டார் கொடுக்கிறார்கள். நடு அஞ்சல் எந்தத் தளத்தையும் நேரில் தொடுவதில்லை, பிறர் செய்யும் குறும்பு அதன் முகவரியிலிருந்து வெளியேறுவதும் இல்லை. ஆயினும் வெளியேறும் (கடைசி) அஞ்சலையும் நடு அஞ்சலையும் பிரித்துப் பார்க்கும் சிரமத்தை மேற்கொள்ளாத வங்கிகளும் படம் காட்டும் தளங்களும் பட்டியலை முழுதாக அள்ளி மறித்துவிடுகின்றன. பிள்ளையின் கணினியில் பாடம் திறக்கவில்லை, தாயின் கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கு திறக்கவில்லை. தொண்டு செய்தவரின் வீடு தடைக்குள்ளானதாக மாறுகிறது. வெளியேறும் அஞ்சலை நடத்துபவரின் நிலை இதைவிடக் கடினம். 2017இல் மொஸ்கோவில் கணித ஆசிரியர் ஒருவர், தம் முகவரியிலிருந்து வெளியேறிய பிறருடைய எழுத்துக்காகக் கைதாகி, மறு ஆண்டில்தான் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து நடைமுறையில் இருக்கும் நாட்டில் வீட்டிலிருந்தபடி வெளியேறும் அஞ்சலை நடத்துவது வீரமன்று, கவனமின்மை.

இலங்கைத் தன்னார்வலருக்கு ஏற்றது பாலம். டோரின் வழக்கில் பாலம் என்பது பகிரங்கப் பட்டியலில் சேராத அஞ்சல். கேட்பவருக்கு ஒன்றிரண்டு முகவரிகளாக மட்டும் பிரித்துக் கொடுக்கப்படுவது. அந்தப் பெயரின் பொருத்தத்தைத் திருகோணமலை மட்டக்களப்புக் கரையோர வீதியில் பயணம் செய்தவர் உடனே உணர்வார். 2009 ஒக்டோபரில் 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன் அந்த வீதி நெடுகத் துறைக்குத் துறை இறங்கி, கிழக்கில் ‘பாதை’ என்றே அழைக்கப்படும் மிதவையில் ஏறி அக்கரை போகவேண்டியிருந்தது. பாதை ஓடாத நாளில் ஹபரணை சுற்றிப் போனார்கள். ஆனால் கிண்ணியாப் பாலம் எல்லாருக்கும் தெரியும்படி நிற்பது, டோரின் பாலமோ தெரிந்துவிட்டால் அன்றே பயனற்றுப்போவது. 2010களின் தொடக்கத்தில் சீனத் தணிக்கை, பாலம் என்று ஐயுற்ற முகவரியைத் தானே போய்த் தட்டிப் பார்த்து, டோரின் மொழியில் விடை வந்தால் மறித்துவிடும் உத்தியைக் கையாண்டது. அதற்கு மாற்றாக வந்த ஓபிஎஃப்எஸ்4 என்னும் வேடம், இரகசியச் சொல் தெரியாமல் தட்டுபவருக்கு விடையே கொடாமல் வாயடைத்து நிற்கிறது. தெரிந்தவரோடு பேசும்போதும் பொருளற்ற இரைச்சலைப் போலவே ஒலிக்கிறது. 2022இல் ஈரானியப் போராட்டத்தின்போது பெருவாரியாகப் பயன்பட்ட ஸ்னோஃப்ளேக், உலாவியைத் திறந்துவைத்திருக்கும் சாதாரண மனிதர்களையே சில மணிநேரப் பாலங்களாக்குகிறது. பகிரப்பட்ட முகவரிக்குப் பின்னால் இருக்கும் வீட்டாலும் இதைச் செய்யமுடியும் என்பதால், துறை திறக்க வழியில்லாத இலங்கை வீடுகளுக்கு இது கைகொடுக்கிறது.

மௌனத்தைத் தன்னந்தனியே வாசிக்கமுடியாது என்பதே இந்தத் தொழிலின் பெரிய இக்கட்டு. உள்ளிருந்து பார்ப்பவருக்குத் தடையும் பழுதும் ஒரே முகம் காட்டுவதால், அதே நேரத்தில் வெளியிலிருந்து பார்க்க இன்னொரு கண் வேண்டும். 2012இல் தொடங்கிய ஊனி என்னும் திறந்த அளவீட்டுத் திட்டம், தன்னார்வலரின் கைத்தொலைபேசியிலிருந்து பெற்ற விடையையும் தணிக்கையற்ற வலையமைப்பிலிருந்து பெற்ற விடையையும் ஒப்பிட்டு இந்த இரண்டாவது கண்ணைத் தருகிறது. ஈழத்தமிழருக்கு அது வேறு வழியிலும் வாய்த்திருக்கிறது: வெளிநாட்டில், ஸ்கார்பரோவிலோ லா சப்பலிலோ இருக்கும் மைத்துனர் ஒருவர் அந்தத் துறையைத் தட்டிப் பார்த்து ‘இங்கே திறக்குது’ என்று எழுதினால், பாதிச் சோதனை முடிந்தது. ஆனால் முன்னறிவித்தல் இன்றித் தளங்களை மறைத்துப் பழகிய அரசு, தான் செய்யாத தடைகளுக்கும் பழி ஏற்கவேண்டியிருக்கிறது. மணல் மூடிய வாயைப் பார்த்தும் ஊரார் காவலரணையே நோக்குவார்கள்.

எல்லாம் சரிப்பட்டு, பாலத்தின் துறை திறந்து, பதிவேட்டில் அந்த மகிழ்ச்சியான வரி வந்தபிறகும் தன்னார்வலருக்கு யார் வந்தார் என்று தெரியப்போவதில்லை. பாலம் வந்தவர்களை நாடுவாரியாகத்தான் எண்ணுகிறது, அதையும் எட்டின் மடங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்கியே எழுதுகிறது, சிறிய எண்ணிக்கையிலிருந்து எவரையும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக. இலங்கைக்கான குறியெழுத்துகளுக்கு நேரே 8 என்று ஒருநாள் காணப்பட்டால், அன்று எட்டுப் பேர் அந்தத் துறையில் ஏறிப் போயிருக்கலாம், ஒருவர் மட்டும் போயிருக்கலாம்.